அம்மாவின் கண்புரைக்கு இலவச முகாமா, தனியார் மருத்துவமனையா?

வந்த கேள்வியின் சுருக்கம் இது. பென்னாகரம் பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு 64 வயது, பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய். இரண்டு கண்ணிலும் புரை. முகாம் நடத்த வந்தவர்கள் தையல் இல்லாத சிறு கீறல் முறையில் இலவசமாகச் செய்துதருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நகரத்துத் தனியார் மருத்துவமனையில் பேக்கோ, அதாவது மீயொலியால் புரையை உடைத்து எடுக்கும் முறையில் செய்யச் சொல்கிறார்கள். இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் லேசர் என்கிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் கேட்கிறார்: இலவசம் என்றால் பார்வை மட்டமாக இருக்குமா? கேழ்வரகு அறுவடை முடியும்வரை தள்ளிப்போடலாமா? செய்தபிறகு அம்மா எப்போது காட்டு வேலைக்குப் போகலாம்?

முதல் கேள்விக்குப் பதில்: மட்டமாக இருக்காது. ஆனால் எந்த முறை என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன்னால், அம்மாவின் விழித்திரையை, அதாவது கண்ணின் பின்பக்கத் திரையை, யாராவது பார்த்தார்களா என்று விசாரியுங்கள். பத்து ஆண்டுச் சர்க்கரை நோயாளியைப் பற்றிய கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்துகிறது.

நான் அறுவை செய்யும் மருத்துவன் அல்லன். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஆண்டுகள் கண் முகாம்களில் பார்வை சோதித்து, கண்ணாடிக்கு எழுதிக்கொடுத்த உதவியாளன். அறுவை முடிந்து திரும்பி வருபவர்களை உட்காரவைத்து எழுத்துப் பலகையைக் காட்டுவது என் வேலையாக இருந்தது. அதனால் யார் என்ன முறையில் செய்தார்கள் என்பதைவிட, கடைசியில் எந்த வரிவரை படிக்க முடிந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

சிறு கீறல் முறையில், வெள்ளை விழியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாக வெட்டி, புரையை முழுதாக வெளியே எடுத்து, வளையாத லென்ஸை உள்ளே வைப்பார்கள். வெட்டுவாய் கண்ணின் உள்ளழுத்தத்தாலேயே மூடிக்கொள்ளும், அதனால் தையல் வேண்டாம். பேக்கோவில் கீறல் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவு. மீயொலி அதிர்வால் புரையை உள்ளேயே உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த லென்ஸைச் செலுத்தி விரியவிடுவார்கள். கீறல் சிறியதாக இருந்தால் கருவிழியின் வளைவு அதிகம் கெடாது. கண்ணாடி இல்லாமலே ஓரளவு தெளிவாகத் தெரியும். பேக்கோவின் உண்மையான ஆதாயம் இதுதான், இதை மறுக்க வேண்டியதில்லை.

அந்த ஆதாயம் எவ்வளவு என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். புனேயில் 400 கண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. ஆறு வாரம் கழித்து, கண்ணாடி இல்லாமல் 6/18 வரியையோ (நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படிப்பது) அதற்குக் கீழுள்ள சிறிய எழுத்து வரியையோ படித்தவர்கள் பேக்கோவில் 81 சதவீதம், சிறு கீறலில் 71 சதவீதம். கண்ணாடி போட்டுப் படிக்கச் சொன்னபோது இரண்டு பிரிவிலும் 98.4 சதவீதம். தனியார் மருத்துவமனையில் நீங்கள் கட்டப்போகும் பணம் அந்தப் பத்து சதவீத வித்தியாசத்துக்குத்தான். சரியான கண்ணாடி போட்டதும் அது காணாமல் போய்விடுகிறது.

நேபாளத்தில் 108 பேரிடம் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வித்தியாசமும் இல்லை. ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி இல்லாமல் 6/18 எட்டியவர்கள் சிறு கீறலில் 89 சதவீதம், பேக்கோவில் 85. சிறு கீறலுக்குச் சராசரியாக ஒன்பது நிமிடம் ஆனது, பேக்கோவுக்குப் பதினைந்தரை. அங்கே வந்தவர்களின் புரை நம் ஊர்ப் புரையைப் போன்றது, முற்றியது. பென்னாகரம், அரூர் பக்கத்து முகாம்களில் வரும் பெண்களுக்குப் பெரும்பாலும் பாக்குக் கொட்டைபோல் கெட்டிப்பட்ட பிறகுதான் கண் ஆபரேஷன் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு கெட்டியானதை மீயொலியால் உடைக்க அதிக சக்தி செலுத்த வேண்டும். அந்த அதிர்வு கருவிழியின் உட்பக்க உயிரணுக்களைத் தாக்கும். அங்கே சிறு கீறல்தான் பத்திரமானது என்று பல அறுவை மருத்துவர்களே சொல்வார்கள்.

செய்பவரின் கைப்பழக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு அரவிந்த் கண் மருத்துவமனைகள் 2012-இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். தொடர்ச்சியாகச் செய்த 79,777 அறுவைகளில் சிக்கல் விகிதம் பேக்கோவில் 1.11 சதவீதம், சிறு கீறலில் 1.01. கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பயிற்சியில் இருப்பவர்கள் செய்தபோது பேக்கோவில் 4.8 சதவீதம், சிறு கீறலில் 1.46. ஆகவே தனியார் மருத்துவமனையில் கேட்க வேண்டியது இயந்திரத்தின் பெயரை அல்ல. அறுவை செய்யப்போகிறவர் யார், இதை வாரத்துக்கு எத்தனை செய்கிறார் என்று கேளுங்கள்.

கீறுவதையும் புரையை உடைப்பதையும் ஓரளவு லேசர் கதிரால் செய்யும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் நடந்து 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அவர்கள் வகுத்த வெற்றி அளவுகோலை எட்டியவர்கள் லேசரில் 41.1 சதவீதம், சாதாரண பேக்கோவில் 43.6. லேசருக்குச் செலவு அதிகம், பலன் அதிகமில்லை. தூரமும் கிட்டமும் ஒன்றாகத் தெரியும் என்று விற்கப்படும் விலையுயர்ந்த பலகுவிய லென்ஸும் உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். அது ஒளியைப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. விழித்திரை பழுதடைய வாய்ப்புள்ள கண்ணில் அந்தப் பங்கு மங்கலாகத்தான் வந்து சேரும்.

இலவச முகாமில் எல்லாம் சரியாக நடக்கும் என்று நான் சொல்லவில்லை. 2015 முதல் 2019 வரை நாடு முழுவதும் 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்த தேசிய ஆய்வில், பார்வையின்மைக்கு முதல் காரணம் அறுவை செய்யாத புரை, 66.2 சதவீதம். அதே பட்டியலில் புரை அறுவையின் சிக்கல்களும் 7.2 சதவீதம் பிடித்திருக்கின்றன. அது சிறிய எண் இல்லை. அதனால் முகாம்காரர்களிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்.

ஒன்று, அறுவையின் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாட்டிக் மருந்து செலுத்துகிறார்களா என்பது. கண்ணுக்குள் சீழ் பிடிப்பதுதான் இந்த அறுவையில் எல்லோரும் அஞ்சும் சிக்கல். அரவிந்த் மருத்துவமனைகளில் மாக்சிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள் செலுத்தத் தொடங்கிய பிறகு என்ன ஆனது என்று 6,17,453 அறுவைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். லட்சம் பேரில் எழுபது பேருக்கு வந்துகொண்டிருந்த சீழ், இருபது பேராகக் குறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்த கணக்கு அது, நம் தமிழ்நாட்டிலிருந்து போனது. நல்ல முகாம் மருத்துவமனைகளில் இது வழக்கமாகிவிட்டது. கேட்பதில் தவறில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாவது, ஆறாவது வாரம் கண்ணாடிக்கு எங்கே வரச் சொல்கிறார்கள் என்பது. மேலே சொன்ன 98.4 சதவீதம் கண்ணாடி போட்ட பிறகு வந்த எண் என்பதை மறக்காதீர்கள். நம் மக்கள் கட்டு அவிழ்த்ததும் வெளிச்சம் தெரிகிறது, ஆள் முகம் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். திரும்பி வருவதில்லை. ஒரு கண்ணாடியில் 6/9 வரை போயிருக்க வேண்டிய பார்வை 6/24-லேயே நின்றுவிடும். பிறகு, “இலவச ஆபரேஷன், அவ்வளவுதான்” என்று ஊரில் பேச்சு. டிஸ்சார்ஜ் சீட்டில் லென்ஸின் பவர் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். அடுத்த கண்ணை யார் செய்தாலும் அது உதவும்.

இனி விழித்திரைக்கு வருகிறேன்.

சென்னை சங்கர நேத்ராலயாவின் ராஜீவ் ராமன் முதலியோர் 2022-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வின்படி, 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருக்கிறது. பார்வையைப் பறிக்கும் அளவுக்கு முற்றியது 4 சதவீதம் பேருக்கு. இது எல்லாச் சர்க்கரை நோயாளிகளுக்குமான சராசரி. நோயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். உங்கள் அம்மா பத்து ஆண்டைத் தாண்டிவிட்டார். இதில் வலி இருக்காது, சிவக்காது. இருக்கும் மங்கலையெல்லாம் புரையின் தலையில் போட்டுவிட்டு, அறுவை செய்து லென்ஸ் வைத்த பிறகும் எழுத்து தெரியவில்லை என்றால் அப்போது மருத்துவரைக் குறை சொல்வோம். உண்மையில் முன் கண்ணாடியைத் துடைத்தார்கள். பின்னால் இருந்த திரை முன்பே கிழிந்திருந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிவைத்தது நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அளவும் சொல்லிவிடுகிறார்கள். பெரிய காரியம், நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விழித்திரையைப் பார்க்கக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட வேண்டும், அல்லது விழித்திரைக் கேமராவில் படம் எடுக்க வேண்டும். அதற்கு அம்மா ஒருமுறை வீட்டைவிட்டுக் கிளம்பித்தான் ஆக வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. கண் பிரிவில் காட்டலாம். சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும், கிட்டத்தில் எதுவும் தெரியாது. துணைக்கு ஆள் போக வேண்டும். புரை மிகவும் அடர்ந்திருந்தால் உள்ளே எதுவும் தெரியாது. அப்போது மீயொலியால் கண்ணின் உள்ளே படம்பிடிக்கும் பி-ஸ்கேன் எடுத்துத் திரை பிரிந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அப்படியானால் அறுவை முடிந்த சில வாரங்களில் மறுபடி விழித்திரையைப் பார்க்கச் சொல்லி நீங்களே கேட்க வேண்டும். விழித்திரையின் மையத்தில் ஏற்கெனவே வீக்கம் இருந்தால் புரை அறுவைக்குப் பின் அது கூடக்கூடும் என்பதால், மருத்துவர் முதலில் அதற்கு வைத்தியம் பார்க்க நினைக்கலாம். தள்ளிப்போடுகிறார் என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவேளை பாதிப்பு முற்றி, விழித்திரையில் எளிதில் கசியும் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால், லேசரா ஊசியா என்று கேட்பார்கள். இந்த லேசர் வேறு, மேலே சொன்ன புரை லேசரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ரானிபிசுமாப் என்ற மருந்தைக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்துவது லேசருக்குக் குறைந்ததல்ல என்று 2015-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதிலிருந்து ஊசிக்கு மவுசு கூடியது. ஆனால் ஊசியின் வேலை தற்காலிகம், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் மருத்துவமனைப் பக்கமே வராமல் இருந்துவிட்டுத் திரும்பியவர்களை ஃபிலடெல்பியாவில் ஆராய்ந்து 2019-இல் எழுதினார்கள். ஊசி மட்டும் போட்டிருந்த 30 கண்களில் 10-இல் விழித்திரை இழுபட்டுப் பிரிந்திருந்தது. லேசர் செய்திருந்த 29 கண்களில் ஒன்றே ஒன்றில். சிறிய ஆய்வுதான். ஆனாலும் மலையடிவாரக் கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வர வேண்டிய அம்மாவுக்கு, வருமானத்தை விட்டுக் கூட வர வேண்டிய மகனுக்கு, அது சொல்லும் சேதி பெரிது. மாதாமாதம் வர முடியாது என்று தெரிந்தால் அதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். “வருகிறேன்” என்று தலையாட்டிவிட்டு வராமல் இருப்பதில்தான் கண் போகிறது.

மைய வீக்கத்துக்கு ஊசி தேவைப்பட்டால் எடுத்த எடுப்பிலேயே விலையுயர்ந்த மருந்துதான் வேண்டும் என்பதும் இல்லை. விலை குறைந்த பெவாசிசுமாப்பில் தொடங்கி, அது பலன் தராவிட்டால் மட்டும் அஃப்ளிபர்செப்டுக்கு மாறினாலும் இரண்டாண்டு முடிவில் பார்வையில் வித்தியாசமில்லை என்று 2022-இல் வந்த ஆய்வு சொல்கிறது. பாதிக்கு மேற்பட்ட கண்களை நடுவில் மாற்ற வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆரம்ப நிலைப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. ஃபெனோஃபைப்ரேட் என்ற பழைய, ரத்தக் கொழுப்புக்கான மாத்திரை ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2024-இல் வந்த முடிவில், கண் நோய் முற்றியவர்கள் அல்லது அதற்குச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மாத்திரை எடுத்தவர்களில் 22.7 சதவீதம், எடுக்காதவர்களில் 29.2. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது. மருத்துவர் சொல்லாமல் வாங்கித் தர வேண்டாம்.

அறுவடைக் கேள்வி. புரை பழுத்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது பழைய அறுவை முறையின் காலத்துப் பேச்சு. சித்திரை வெயிலில் செய்யக் கூடாது என்பதற்கும் அடிப்படை இல்லை. சில வாரம் தள்ளிப்போவதால் குடி முழுகிவிடாது. ஆனால் அம்மா வாசற்படியில் தடுமாறுகிறாரா, இருட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது சுவரைப் பிடித்து நடக்கிறாரா என்று கவனியுங்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 70 வயதைத் தாண்டிய 306 பெண்களில் பாதிப்பேருக்கு உடனே அறுவை, பாதிப்பேருக்கு வழக்கமான காத்திருப்பு என்று பிரித்துப் பார்த்தார்கள். 2005-இல் வந்த முடிவு: உடனே செய்துகொண்டவர்கள் கீழே விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, எலும்பு முறிவு 4 பேருக்கு, காத்திருந்தவர்களில் 12 பேருக்கு. இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டால் அந்த வருட அறுவடை மட்டுமா போகும்? புரை முற்றி வீங்கிக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. கண் சிவந்து, தலை விண்விண் என்று தெறித்து வாந்தி வந்தால் அன்றே ஓட வேண்டும்.

இரண்டு கண்ணையும் ஒரே நாளில் முடித்துவிடலாமா என்று இந்த அறுவடைக் கணக்கில் உங்களுக்குத் தோன்றும். நெதர்லாந்தில் 865 பேரிடம் செய்து 2023-இல் வெளிவந்த ஆய்வில் ஒரே நாளில் செய்தவர்களுக்குப் பார்வை குறையவில்லை, செலவும் மிச்சம். ஆனால் அவர்கள் சேர்த்துக்கொண்டது சிக்கல் வாய்ப்புக் குறைந்தவர்களை. சர்க்கரையும், பார்க்கப்படாத விழித்திரையும் உள்ள உங்கள் அம்மாவுக்கு ஒரு கண் ஆறி, கண்ணாடியும் போட்ட பிறகு அடுத்தது என்பதே என் கருத்து.

கடைசியாகக் காட்டு வேலை. சமையல், வீட்டு வேலை, டிவி எல்லாம் சில நாளில் தொடங்கலாம். தலைக்குக் குளிப்பதும் குனிந்து பாரம் தூக்குவதும் மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். மண்ணிலும் தூசியிலும் இறங்குவதற்கு ஆறு வாரம் பொறுங்கள். கதிரடிக்கும் களத்தில் முறத்தால் புடைக்கும்போது எழும் கேழ்வரகுச் சுணையை நினைத்துப் பாருங்கள். நெற்றியிலும் இமையிலும் மாவுபோல் படியும், கண் அரிக்கும், அம்மா முந்தானையின் நுனியைச் சுருட்டிக் கண்ணை ஒற்றுவார். அறுவை செய்த கண்ணுக்கு அந்த ஒற்றல் கூடாது.

அறுவை செய்யாத கண்ணுக்கும் நம் பக்கத்தில் களம்தான் எதிரி. கரும்புச் சோகை கிழித்து, நெல் தூசு உரசிக் கருவிழியில் சிறு கீறல் விழும். அதில் பூஞ்சை ஏறிப் புண்ணாகும். தூசியை நாக்கால் எடுப்பது, விளக்கெண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது, மருந்துக் கடையில் “கண் சிவப்புக்கு” என்று ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடுவது ஆகிய நான்கையும் இன்றும் பார்க்கலாம். நான்காவதுதான் மிக மோசம். சிவப்பு குறைந்து நிம்மதி தரும், உள்ளே பூஞ்சைக்குத் தீனி போடும். இதற்கு எது சரியான மருந்து என்பதையும் தமிழ்நாட்டு உழவர்களின் கண்கள்தான் உலகத்துக்குச் சொல்லின. அரவிந்த் மருத்துவமனைகளில் 323 பேரிடம் பழைய நட்டாமைசின் சொட்டையும் புதிய, விலை கூடிய வொரிகோனசோலையும் ஒப்பிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். பழையதே வென்றது. நேபாளத்தில் மலிவான குளோர்ஹெக்சிடினோடு மோதவிட்டு 2022-இல் வந்த ஆய்விலும் நட்டாமைசின்தான் மேல்.

களத்துக்குத் திரும்பும்போது அம்மாவுக்குப் பக்கவாட்டிலும் மறைக்கும் சாதாரணக் கண்ணாடி ஒன்று வாங்கிக் கொடுங்கள். அறுவை முடிந்த முதல் இரண்டு வாரத்தில் கண் வலி கூடினாலோ, சிவப்பு ஏறினாலோ, தெரிந்துகொண்டிருந்தது மங்கினாலோ முகாம்காரர்கள் அடுத்து வரும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள எண்ணுக்குப் பேசிவிட்டு, அதே நாளில், இரவானாலும், அறுவை செய்த மருத்துவமனைக்கே அழைத்துப் போங்கள்.